மலைத்தோட்டங்களில் மர மண்டபங்கள்: இயந்திரம் அறிந்ததும் அறியாததும்

மூணாற்றிலிருந்து தேவிகுளம் வழியாகக் கிழக்கே சென்று, லாக்கார்ட் கணவாயைக் கடந்து, சூரியநெல்லிக்குப் பிரியும் பாதையில் ஏறினால் சின்னக்கானல் என்னும் மலையூரை அடையலாம். ஒருபுறம் தேயிலைச் சரிவுகள், மறுபுறம் ஏலத்தோட்டங்கள், கீழே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் என அமைந்த இவ்வூர் கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் இங்குள்ள தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோரே. போடிநாயக்கனூரிலிருந்து காய்கறி ஏறி வருவதுபோலவே தச்சர்களும் கொத்தர்களும் அங்கிருந்து வேலைக்கு வந்து செல்வது வழக்கம்.

அண்மைக் காலத்தில் இவ்வட்டாரத்தில் தங்கும் விடுதிகள் பல எழுந்துள்ளன. அவற்றின் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரு மர மண்டபம் காணப்படும். எட்டுப் பக்கங்கள், கூர்ங்கூரை, தூண்களுக்கிடையே பின்னல் சட்டம், கூரை விளிம்பில் பூவேலை செய்த பலகை என்று, நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தோட்ட பங்களாக்களை நினைவூட்டும் வண்ணம் அவை அமைக்கப்படுகின்றன. மண்டபம் இல்லாத இடத்தில் கொடிப்பந்தலோ, வாயிலில் வளைவோ இருக்கும். பழைய தோற்றம் கொண்ட இவற்றை இன்று கையால் செதுக்குவோர் அரியர். பல சமவெளி நகரப் பட்டறைகளில், கணிப்பொறியின் கட்டளைப்படி இயங்கும் இயந்திரங்களால் வெட்டப்பட்டு, துண்டுகளாக லாரியில் மலையேறி, இங்கே பூட்டப்படுகின்றன. இம்முறையைப் பற்றிக் கள ஊழியர்களும் பயிற்சி தரும் ஆசிரியர்களும் என்ன கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பட்டறைகளில் சி.என்.சி. ரூட்டர் என்று வழங்கப்படும் இவ்வியந்திரம் அடிப்படையில் எளியது. ஒரு பெரிய மேசையின்மீது பலகை பொருத்தப்படுகிறது. அதற்கு மேலே, நிமிடத்துக்கு 18,000 முறை சுழலக்கூடிய வெட்டுமுனை ஒன்று நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று திசைகளிலும் நகர்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதெல்லாம் எண்களாக எழுதி அளிக்கப்படும். எண்களால் இயந்திரத்தை ஓட்டும் இக்கலை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டு ஒரு துருவல் (மில்லிங்) இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலாகக் காட்டப்பெற்றது. உலோகத்துக்கென்று பிறந்த முறை பின்னர் மரத்துக்கும் வந்தது. இன்று நம் நாட்டில் சிறு நகரங்களின் கதவுப் பட்டறைகளிலும் இதனைக் காணலாம்.

இயந்திரத்தால் செய்த பழம்பாணி வேலை போலியானது என்று சிலர் முகஞ்சுளிப்பர். இக்குறை வரலாற்றின்முன் நில்லாது. நாம் பழம்பாணி என்று போற்றும் மரப் பூவேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவியால் இயங்கிய மெல்லிழை இரம்பம் வந்த பின்னரே மேலைநாட்டு வீடுகளில் பெருகிற்று. அமெரிக்கரான ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் 1842இல் வெளியிட்ட மாதிரி நூல் போன்றவற்றைப் பார்த்து ஊரூராகத் தச்சர்கள் அவ்வடிவங்களை வெட்டினர். பெங்களூரின் பழைய வீடுகளில் சன்னல்களுக்கும் முகப்புகளுக்கும் மேலே குல்லாய் போல் கவிந்திருக்கும் மரப் பின்னல்களும் அக்காலத்து நாகரிகத்தின் நம் நாட்டு வடிவமே. அன்று மாதிரி நூல் செய்த பணியை இன்று கணிப்பொறியில் சேமித்த வரைபடம் செய்கிறது. ஆகவே இயந்திரத்தின்மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை.

மனத்தாங்கல் இல்லை என்பதோடு, அதன் உதவி மிகப் பெரிது என்றும் சொல்வேன். எண்கோண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு மூலையிலும் இரு சட்டங்கள் 135 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. அதற்கு ஒவ்வொரு சட்டத்தின் நுனியும் 22½ பாகை சாய்வாக அறுக்கப்பட வேண்டும். எட்டு மூலைக்கும் பதினாறு அறுப்புகள். ஒவ்வோர் அறுப்பிலும் அரைப் பாகை மட்டுமே பிழை, அதுவும் ஒரே திசையில் நேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், கடைசிச் சட்டம் பொருந்தும் இடத்தில் எட்டுப் பாகை வாய் பிளந்து நிற்கும். கைதேர்ந்த ஆசாரி இதனை அறிவார். முதல் சட்டத்தைப் பூட்டிப் பார்த்து அடுத்ததைத் திருத்தித் திருத்தி வேலையை முடிப்பார். அதற்கு நாட்கள் ஆகும். இயந்திரமோ பதினாறையும் ஒரே அளவாக அறுத்துத் தந்துவிடுகிறது. பின்னல் சட்டத்துக்குத் தேவையான நூற்றுக்கணக்கான சிறு காடிகளை வெட்டும் வேலையும் அவ்வாறே. முதுகை ஒடிக்கும் அவ்வேலையை எந்தத் தச்சரும் விரும்பிச் செய்வதாக நான் கண்டதில்லை.

சுழலும் முனையின் இயல்பால் வரும் ஒரு குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முனை வட்டமானது. ஆகையால் அது குடையும் துளையின் உள்மூலைகள் சதுரமாக அமையமாட்டா. ஆறு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முனை, உள்மூலையில் மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுச் செல்லும். ஒரு மரத்தில் துளை குடைந்து மற்றொன்றின் நுனியை நாக்குப்போல் செதுக்கிச் செருகுவதுதான் தச்சுக் கலையின் உயிர்நாடியான இணைப்பு. சதுர நாக்கு வட்டமூலைத் துளையில் இறங்காது. நாக்கின் ஓரங்களை உருட்ட வேண்டும், அல்லது உளியால் துளையின் மூலையைச் சதுரமாக்க வேண்டும். ஜப்பானில் மரவீடுகளின் தூண் உத்தரங்களில் மிகப் பெரும்பகுதி இன்று ஆலையிலேயே இயந்திரத்தால் இணைப்பு வெட்டப்பட்டு வருகிறது. அங்கே பழைய இணைப்புகளையே வட்டமுனைக்கு ஏற்றவாறு திருத்தி வடிவமைத்துக்கொண்டனர். நம் பட்டறைகளிற் பல இத்தொல்லையே வேண்டாமென்று இணைப்பைக் கைவிட்டு, இரும்புப் பட்டையும் திருகாணியும் வைத்து இறுக்கிவிடுகின்றன. பார்வைக்குப் பழைய மண்டபம், உள்ளே பெட்டிக்கடைப் பூட்டு. என் முதல் வருத்தம் இதுதான்.

இரண்டாவது வருத்தம் பெரிது. சின்னக்கானலில் ஒரு விடுதியின் தோட்டத்தில் அத்தகைய மண்டபம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூன்று மழைக்காலங்களை மட்டுமே கண்ட மண்டபம் அது. மேலே பூவேலை நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. கீழே எட்டுத் தூண்களில் ஐந்தின் அடிப்பகுதி, பேனாக்கத்தி எளிதாக இறங்கும் அளவுக்குச் சோடை போயிருந்தது. இரண்டு கைப்பிடிச் சட்டங்கள் நீளவாட்டில் பிளந்திருந்தன. பழுதுபார்க்க வந்திருந்த போடிப் பக்கத்து முதிய ஆசாரி ஒருவர் தூணின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெட்டு நல்ல வெட்டுதான் ஐயா. என் கையால் இப்படி வராது. ஆனால் மரம் எந்த ஊரில் நிற்கப்போகிறது என்று வெட்டினவருக்கு யாரும் சொல்லவில்லை.” விஞ்ஞான நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறேன்.

அதனைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. மரம் அறுபட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டேயிருக்கும். உலர்ந்த சமவெளியில் வைத்த பலகை, தன் உலர்ந்த எடையில் 10 முதல் 12 சதவிகித அளவுக்கு ஈரம் கொண்டு அமைதியுறும். ஜூன் மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் வடகிழக்குப் பருவமழையும், இவ்விரண்டுக்கும் இடையே மூடுபனியும் நனைக்கும் மலைச்சரிவில் அதே பலகையின் ஈரம் மழை நேரே படாவிட்டாலும் 20 சதவிகிதத்தை நெருங்கும். ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். இவ்விரிவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. நீளவாட்டில் ஏறக்குறைய இல்லை. வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்கே ஓரளவு உண்டு. வளையங்களின் போக்கிலேயோ அதனினும் ஏறத்தாழ இருமடங்கு. மிகவும் அடக்கமான மரம் என்று பெயர்பெற்ற தேக்கிலேயே, 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை 12இலிருந்து 20 சதவிகித ஈரத்துக்குச் செல்லும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விரியக்கூடும். நம் இயந்திரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் வெட்டுகிறது. அந்நுட்பத்தைப்போல் முப்பது மடங்கு தூரம் மரம் தானாகவே நகர்ந்துவிடுகிறது! இடைவெளி சிறிதும் இன்றிப் பொருத்திய சட்டம் பிளந்ததில் வியப்பென்ன?

தூணின் அடி இற்றதற்குக் காரணம் பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகள் தலையெடுப்பதில்லை. மரநாரின் சுவர்கள் நீரால் நிறைவுபெறும் நிலை, அதாவது ஏறத்தாழ 30 சதவிகிதம், தாண்டினால் அவை செழிக்கின்றன. தூண்கள் நேராகச் சிமெண்டுத் தளத்தில் ஊன்றப்பட்டிருந்தன. மரத்தின் அறுபட்ட நுனியில் நீரை ஏற்றும் நாளங்களின் வாய்கள் திறந்துகிடக்கின்றன. அந்நுனி தண்ணீரில் நின்றால் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும். கேரளத்துப் பழைய தச்சர்கள் மரத்தூணைக் கல் பீடத்தின்மேல் நிறுத்தியதும், கூரையைச் சுவருக்கு வெளியே நெடுந்தூரம் தாழ இறக்கியதும் அழகுக்காக மட்டுமன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பினும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள், அத்தனை மரவேலையையும் தாழ்ந்த கூரைகள் எவ்வாறு மழையிலிருந்து விலக்கி வைத்துள்ளன என்பதைக் கவனித்திருப்பர். சின்னக்கானல் மண்டபத்தின் கூரையோ, குறைந்த மழையும் குளிர்ந்த காற்றும் உள்ள ஏதோ ஒரு நாட்டின் வரைபடத்திலிருந்து வந்தது. விளிம்பு ஒரு சாண்கூட வெளியே நீளவில்லை. பூவேலைக்காகக் குடைந்த பள்ளங்கள் வானம் பார்த்துக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் நீர் தங்கியிருந்தது.

மரத்துக்கு மருந்து ஏற்றவில்லையா என்று கேட்கலாம். ஏற்றியிருந்தனர். எப்போது ஏற்றினர் என்பதில்தான் பிழை. மரப் பாதுகாப்பு மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து மரத்துள் ஏற்றும் முறையை 1930களில் கண்டவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்திய விஞ்ஞானியே. உலகெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் அம்முறை காத்து வந்தது. ஆர்செனிக் நஞ்சாகையால் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதனை ஏற்றுவது 2003ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. மக்கள் கைபடும் தோட்ட மண்டபத்துக்குப் போரான் கலந்த மாற்று மருந்துகளையே நாமும் நாடுவது நலம். மருந்து எதுவாயினும் அது மரத்தின் மேற்புறத்திலிருந்து சிறிது ஆழம்வரைதான் செல்லும். பட்டறைகள் மருந்தேற்றிய மரத்தை வாங்கிப் பிறகு இயந்திரத்தில் வெட்டுகின்றன. வெட்டுமுனை மருந்துள்ள மேற்தோலைச் சீவி எறிந்துவிட்டு, மருந்தறியாத உட்பகுதியைத் திறந்து வைக்கிறது. துளையும் நாக்கும் பூவேலையும், அதாவது நீர் தங்கும் இடங்கள் அனைத்தும், காவலின்றி நிற்கின்றன. நஞ்சு கலந்த தூள் வேறு பட்டறையெங்கும் பறக்கிறது. முதலில் உலர்த்து, பிறகு வெட்டு, அதன்பின் மருந்தேற்று, மீண்டும் உலர்த்திப் பூட்டு என்னும் வரிசையே சரியானது. இவ்வரிசை எந்தக் கணிப்பொறியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தூளைப் பற்றிச் சொல்ல வந்ததால் ஒரு சொல். மருந்து கலவாத வெறும் மரத்தூளையே, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வரிசையில் 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது. வேகமாகச் சுழலும் முனை உளியைப்போல் சுருள் சுருளாகச் சீவுவதில்லை. மிக நுண்ணிய தூளை வீசுகிறது. தூள் உறிஞ்சும் குழாய் இல்லாத இயந்திரத்தை எந்தப் பயிற்சிக்கூடமும் ஏற்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எந்த மரத்தால் கட்டுவது என்பது இப்பகுதியில் தனிச் சிக்கல் உடையது. தேக்கு விலை மிகுந்தது. நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் இடப்பட்ட மாநிலத்தில்கூட அது எளியோர்க்கு எட்டுவதில்லை. ஈட்டியை நினைத்துப் பார்க்கவும் கூடாது. மாறாக மலையெங்கும் கண்ணிற்படுவது கிராண்டிஸ் என்று ஊரார் வழங்கும் ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரமும், தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்குமே. ஓர் அந்நிய மரத்தையே ஆயிரக்கணக்கில் நட்ட காலம் போய், அவற்றைப் படிப்படியாக அகற்றி இயற்கைக் காட்டை மீட்க வேண்டும் என்னும் கொள்கையைக் கேரள அரசு 2021இல் வகுத்தது. அவ்வாறு அகற்றப்படும் மரம் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் மட்டுமே போக வேண்டுமா, இதே ஊரின் மண்டபங்களுக்கும் பந்தல்களுக்கும் உதவாதா என்று கேட்பது நியாயமே. உதவும் என்பதே என் எண்ணம். ஆனால் அதற்கு உழைக்க வேண்டும். கிராண்டிஸ் மரம் வளரும்போதே தன்னுள் இழுவிசையைத் தேக்கி வைத்துக்கொள்வது. அறுத்தவுடன் நுனி பிளக்கும், பலகை வளையும். அவசரமாக உலர்த்தினால் உள்ளே நொறுங்கும். அதன் வெளிறு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரை. சேகுப் பகுதியோ மருந்தை எளிதில் உள்ளே விடாது. நுனிகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கி, பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் ஆறவைத்து, அதன்பின் உலர்த்தும் அறையில் மெதுவாக முடித்தால் நல்ல பலகை கிடைக்கும். அதனைக் கூரைக்குக் கீழே மழை படாத கைமரங்களுக்கும் பின்னலுக்கும் கொடுத்து, நனையும் தூண்களுக்கு மட்டும் முற்றிய தேக்கின் சேகைக் கொடுத்தால் செலவும் அடங்கும், ஆயுளும் கூடும். பின்லாந்தில் 1990களிலிருந்து செய்வதுபோல் மரத்தை 200 பாகை அளவுக்குச் சூடேற்றி ஈரம் வாங்கும் தன்மையைக் குறைக்கும் முறையும் உண்டு. அதனால் மரம் சற்று நொறுங்குந்தன்மை பெறுவதால் பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையைத் தோட்டத்தில் நிறுத்துவோரைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. இயந்திரத்தில் அது வெண்ணெய்போல் வெட்டுப்படும், முதல் மழையில் ரொட்டிபோல் ஊதும்.

(சின்னக்கானலில் மழையைத் தவிர வேறொரு சோதனையாளரும் உண்டு. அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர்பெற்ற காட்டானையை 2023 ஏப்ரல் இறுதியில் இங்கிருந்துதான் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துச் சென்றனர். யானைகள் நீருக்கு இறங்கும் வழியில் எத்தனை உறுதியான மண்டபத்தைக் கட்டினாலும் பயனில்லை. அங்கே கட்டாமலிருப்பதே தச்சு சாஸ்திரம்.)

இனி எனக்கே உரிய ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கருவிகள் வாங்கும் பட்டியலைப் பரிசீலித்த குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். பட்டியலின் தலையில் சி.என்.சி. இயந்திரம் இருந்தது. அடியில் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றும், உலர்த்தும் அறை ஒன்றும் இருந்தன. பணம் போதாதபோது அடியிலிருந்து வெட்டினோம். நானும் கையெழுத்திட்டேன். அங்கே பயின்ற இளைஞர்கள் கணிப்பொறித் திரையில் அழகிய பூவேலைகளை வரையக் கற்றனர். தங்கள் கையிலுள்ள பலகை பச்சையா உலர்ந்ததா என்று கண்டறிய அவர்களுக்கு வழியில்லை. அவர்களுள் ஒருவர் பின்னாளில் என்னைச் சந்தித்தபோது, தாம் செய்த முதல் கதவு வீட்டுக்காரர் குடிபுகுமுன்னரே திருகிக்கொண்டதாகவும், அவர் பணம் தர மறுத்ததாகவும் சொன்னார். என்மீது அவர் பழி சொல்லவில்லை. அதனால் எனக்கு ஆறுதல் உண்டாகவுமில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அக்கருவியை வெட்டிவிட்டு, பல லட்சம் ரூபாய் இயந்திரத்தை ஏன் வைத்துக்கொண்டோம்? திறப்பு விழாவில் காட்டுவதற்கு இயந்திரம் கண்கொள்ளாக் காட்சி என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்க முடியாதென்பதில்லை. பெங்களூரில் 1938இல் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1988இல் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்த மத்திய அரசு நிறுவனத்தில் உயர்நிலை மரவேலைப் பயிற்சி மையம் ஒன்று நடைபெறுகிறது. புதிய இயந்திரங்களில் பயிற்சி பெறும் மாணவனுக்கு, மரத்தின் இனமறியும் ஆய்வகமும் உலர்த்தும் கலையும் அங்கே அதே வளாகத்திலேயே கிட்டும். இதுவே பின்பற்றத்தக்க வழி. இன்னொரு வாய்ப்பும் கள ஊழியர்களின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில் சேர்ந்த 18 கைத்தொழில்களுள் தச்சு ஒன்று. அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாட்கள், உயர்நிலைப் பயிற்சி பதினைந்து நாட்களுக்குக் குறையாமல், கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை உதவி என்பது அதன் ஏற்பாடு. ஐந்து நாளில் எவரையும் இயந்திர வல்லுநராக்க இயலாது. ஆனால் நாற்பதாண்டுக் கைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு, வரைபடத்தைத் திரையில் படிக்கவும், “இந்தக் கைப்பிடியின் மேற்புறம் சாய்வாக இருக்கட்டும், அடியில் நீர் சொட்டும் காடி ஒன்று ஓடட்டும், தூண் தரையிலிருந்து ஒரு சாண் உயரட்டும்” என்று வரைபவரிடம் திருத்தம் சொல்லவும் கற்பிக்க அது போதும். இன்றுள்ள நிலையில் வரைபடம் வெளியூரில் தோன்றி, வெட்டு வேறோரூரில் நடந்து, மலையிலுள்ள தச்சருக்குத் திருகாணி முடுக்கும் கூலி வேலையே எஞ்சுகிறது. மரத்தையும் மழையையும் அறிந்தவர் வேலையின் கடைசியில் நிற்கிறார். அவரை வேலையின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதையே நான் வேண்டுகிறேன். இயந்திரம் வேண்டாமென்று சொல்லி அவருக்கு நாம் செய்யும் நன்மை ஏதுமில்லை. அவர் மகன் அவ்வியந்திரத்தைத்தான் தேடிச் செல்கிறான்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். செலவு அதிகமில்லை. உள்ளூர்த் தச்சரிடமிருந்து சிறு மரத்துண்டுகள் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை எடைபோட்டு, ஏறத்தாழ 103 பாகை வெப்பமுள்ள அடுப்பறையில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடைபோடச் செய்யுங்கள். முதலில் 62 கிராம், முடிவில் 50 கிராம் என்றால், போன நீர் 12 கிராம். உலர்ந்த எடையான 50ஆல் வகுத்தால் ஈரம் 24 சதவிகிதம். இப்பலகையில் பூஞ்சை வளருமா என்று வகுப்பைக் கேளுங்கள். மற்றொரு துண்டின் அறுபட்ட நுனியை மை கலந்த நீரில் நிறுத்தி, மூன்றாவதன் பக்கவாட்டை மட்டும் அதே நீரில் படும்படி கிடத்தி, மறுநாள் இரண்டையும் பிளந்து பார்க்கட்டும். மை எவ்வளவு தூரம் ஏறிற்று என்பதைக் கண்ட சிறுவன், தூணைச் சிமெண்டில் ஊன்றமாட்டான். சின்னக்கானல், சூரியநெல்லிப் பகுதிகளின் தோட்டப் பிள்ளைகள் இதனை ஜூன் மாதம் ஒருமுறையும் பிப்ரவரி மாதம் ஒருமுறையும் செய்து, இரு எண்களையும் ஒரே ஏட்டில் பதிந்தால், எந்தப் பட்டறையிடமும் இல்லாத ஒரு கணக்கு அப்பள்ளியிடம் இருக்கும். மண்டபம் கட்டுவோர் அவ்வேட்டைக் கேட்டு வாங்கிச் செல்லும் நாள் வரக்கூடும்.

முன்னர்ச் சொன்ன மண்டபத்தின் கதை என்னாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். விடுதிக்காரர் அதனை இடிக்க எண்ணியிருந்தார். முதிய ஆசாரி தடுத்தார். எட்டுத் தூண்களின் அடியையும் ஒன்றரைச் சாண் அளவுக்கு அறுத்தெடுத்துவிட்டு, கீழே கருங்கல் பீடங்கள் வைக்கப்பட்டன. கல்லுக்கும் மரத்துக்கும் இடையே துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகள் பொருத்தி, காற்று புகச் சிறிது இடம் விடப்பட்டது. பிளந்த கைப்பிடிச் சட்டங்களுக்கு மாற்றாக எட்டுச் சட்டங்களும் புதிதாகத் தேவைப்பட்டன. ஆசாரி ஒரு பழைய நோட்டுத்தாளில் பென்சிலால் அச்சட்டத்தின் குறுக்கு வெட்டை வரைந்தார். மேற்புறம் சாய்வு, அடியில் ஒரு காடி, நாக்கின் இருபக்கமும் மரம் அசைய ஒன்றரை மில்லிமீட்டர் இடம், இறுக்குவதற்குப் பசையின்றி ஒரு மர ஆணி. விடுதிக்காரரின் மகள் அத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து, முதலில் வெட்டிக் கொடுத்த அதே பட்டறைக்கு அனுப்பினாள். பத்து நாட்களில் எட்டுச் சட்டங்களும் லாரியில் வந்து சேர்ந்தன. ஆசாரி அவற்றை உடனே பூட்டவில்லை. தேயிலைக் கொட்டகையின் மேல்தளத்தில் மூன்று வாரம் அடுக்கி வைத்து, மலைக்காற்றைக் குடிக்க விட்டபின் பூட்டினார்.